மலையில் எடுக்கும் சிரிப்புப் படம்: வாசகர் கேள்வி - பதில்

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நகைச்சுவைப் படங்களை எப்படி எடுக்கிறார்கள் என்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் சிலவற்றுக்குப் படப்பிடிப்புத் தொழிலைக் கைப்பழக்கமாக அறிந்தவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

குன்னூர் வாசகர்: எங்கள் தெருவில் படப்பிடிப்பு நடந்தது. காலை முழுக்க கேமராவைத் தூரத்தில் வைத்து எடுத்தார்கள். மத்தியானம் மூடுபனி இறங்கியதும் அதே காட்சியை, அதே வசனத்தோடு, முகத்துக்குப் பக்கத்தில் வைத்து மறுபடி எடுத்தார்கள். ஒரே தடவையில் இரண்டு கேமரா வைத்தால் முடிந்துவிடாதா?

நகைச்சுவைக் காட்சிக்கு உயிர், தூரத்திலிருந்து முழு இடத்தையும் காட்டும் வைடு ஷாட்டில்தான் இருக்கிறது. ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் டீ குடிக்கப் போய்விடுகிறார். மேலே நிற்பவர் அது தெரியாமல் பேசிக்கொண்டே இருக்கிறார். இந்த இரண்டும் ஒரே ஃபிரேமில் தெரிந்தால்தான் சிரிப்பு. தனித்தனியாக வெட்டிக் காட்டினால் விஷயம் புரியும், சிரிப்பு வராது. அதனால் வைடு ஷாட்டை வெளிச்சம் தெளிவாக இருக்கும்போதே முடித்தாக வேண்டும்.

மூடுபனி செய்யும் கெடுதல் தூரத்தைப் பொறுத்தது. 30 மீட்டர் தள்ளி நிற்கும் ஆளும் பின்னாலிருக்கும் மலையும் வெளுத்துப் போகும். ஒன்றரை மீட்டரில் இருக்கும் முகத்தில் அது அவ்வளவாகத் தெரியாது. ஆகவே குளோஸ்-அப்களை மத்தியானத்துக்கு ஒதுக்கி, நடிகருக்குப் பின்னால் சுவரோ வேலியோ கடைக் கதவோ வரும்படி கொஞ்சம் திருப்பி நிறுத்துவார்கள். வெயிலில் எடுத்த வைடு ஷாட்டோடு பொருந்த, ஒரு லைட்டைப் பக்கவாட்டில் உயரமாக வைத்து வெயில் மாதிரி அடிப்பார்கள். மூடுபனியில் வரும் வெளிச்சம் நீலம் பாய்ந்திருக்கும். கேமராவில் நிறத்தைச் சமன் செய்யும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டிருந்தால் முகத்தின் நிறம் ஷாட்டுக்கு ஷாட் மாறிப்போகும். இது அடிக்கடி நடக்கும் தவறு.

இரண்டு கேமரா வைக்கலாம், வைக்கவும் செய்கிறார்கள். ஆனால் வைடு ஷாட்டுக்கான லைட் முகத்துக்கு ஒத்துவராது. குளோஸ்-அப் கேமராவை வைடு கேமராவின் பார்வையில் படாமல் ஒளித்து வைக்கவும் நம் ஊர்த் தெருவில் இடம் போதாது.

கால்ஷீட் போடும்போதே பருவத்தையும் பார்க்க வேண்டும். கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும்; அந்த நாட்களில் கோத்தகிரிப் பக்கம் மழை குறைவு. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெரிய மழை. தெளிவான வானம் வேண்டுமென்றால் பிப்ரவரி, மார்ச் நல்லது.

கோத்தகிரி வாசகி: தலையில் பாட்டில் உடைவது போன்ற காட்சிகளில் சர்க்கரைக் கண்ணாடி பயன்படுத்துவார்கள் என்று படித்தேன். பள்ளி நாடகத்துக்காக வீட்டில் செய்து பார்த்தேன். பாகு பொன்னிறமாகக் கருகிவிட்டது. ஊற்றியதும் மறுநாள் பிசுபிசுவென்று வளைந்துவிட்டது. எங்கே தவறு?

தவறு உங்களுடையது அல்ல, உயரத்தினுடையது. இணையத்திலும் புத்தகங்களிலும் பாகை 150 டிகிரி வரை காய்ச்சச் சொல்லியிருப்பார்கள். அது கடல்மட்டத்துக்கான கணக்கு. உயரம் கூடக்கூட ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 1 டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாகும் அதே கணக்குப்படிதான். அதில் தண்ணீர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் பதத்தை முடிவு செய்கிறது. கீழே 150 டிகிரியில் கிடைக்கும் பதம் ஊட்டியில் 142, 143 டிகிரியிலேயே வந்துவிடும். கோத்தகிரியில் 144. அதற்கு மேல் காய்ச்சினால் சர்க்கரை நிறம் மாறும்.

அளவு இது: சர்க்கரை 700 கிராம், லிக்விட் குளுகோஸ் 300 கிராம், தண்ணீர் அரை லிட்டர், எலுமிச்சைச் சாறு சில துளி. சாறும் குளுகோஸும் பாகு மறுபடி சீனிக்கட்டியாக உறையாமல் தடுக்கும். கொதி வந்த பிறகு கரண்டி போட்டுக் கிளறக் கூடாது. பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டும் சர்க்கரை மணிகளை ஈரத் தூரிகையால் துடைத்துவிடுங்கள். ஒரு மணி உள்ளே விழுந்தாலும் முழுப் பாகும் பூத்துப் போகும். எண்ணெய் தடவிய தட்டில் 3, 4 மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்றி, அசைக்காமல் ஆறவிட வேண்டும். பாகு கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

பிசுபிசுப்புக்குக் காரணம் மலையின் ஈரக்காற்று. சர்க்கரை ஈரத்தை இழுக்கும். ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, நாடகம் தொடங்குமுன் எடுங்கள். அப்படியும் அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே உடைத்துவிடுவது நல்லது.

படப்பிடிப்பில் இப்போது சர்க்கரையை நம்புவது குறைவு. எளிதில் நொறுங்கும் ரெசின் பாட்டில்களைச் சிலிகான் அச்சில் வார்த்துக் கொண்டுவருகிறார்கள். ஒரு காட்சிக்கு ஆறு, எட்டு பாட்டிலாவது வேண்டும். வளைவுகளில் குலுங்கி வருவதற்குள் இரண்டு விரிசல் விடும். ரெசின் துண்டுக்கும் கூர் உண்டு. அடி உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் விழ வேண்டும், நெற்றியில் படக் கூடாது. அடி வாங்குபவர் கண்ணை மூடியிருக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. முந்தைய ஷாட்டில் குடிக்கக் காட்டிய நிஜ பாட்டிலும் அதே மேஜையில் இருப்பது. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் உடைக்கும் ஷாட்டுக்கு முன் நிஜ பாட்டிலை அறையைவிட்டே வெளியேற்றுவார்கள். ரெசின் பாட்டிலை ஆர்ட் அசிஸ்டன்ட் ஒருவரே எடுத்துக் கொடுப்பார், அவரே திரும்ப வாங்குவார். இதில் விட்டுக்கொடுக்கும் யூனிட்டில் யாரும் அந்த ஷாட்டுக்கு ஒத்துக்கொள்ளக் கூடாது.

உதகை வாசகர்: 'காதலிக்க நேரமில்லை' படத்தில் வரும் பங்களா ஊட்டியில் இருக்கிறதா?

இல்லை. 1964-ல் ஸ்ரீதர் எடுத்த அந்தப் படத்துக்கான வெளிப்புறக் காட்சிகள் ஆழியாறு அணைப் பக்கம் எடுக்கப்பட்டவை. அது பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலை அடிவாரம்.

கொடைக்கானல் வாசகர்: இரட்டை வேடக் காமெடியில் அண்ணன் தம்பி இருவரும் ஒரே ஃபிரேமில் பேசிக்கொள்கிறார்கள். செட்டில் சுலபமாக எடுப்பதை மலையில் எடுக்கத் தயங்குவது ஏன்?

முதலில் எப்படி எடுக்கிறார்கள் என்று பார்ப்போம். கேமராவை ஸ்டாண்டில் பூட்டி, கால்களில் மணல் மூட்டை வைத்து, ஃபோகஸ், அபர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை), ஒயிட் பேலன்ஸ் எல்லாவற்றையும் கைமுறையில் நிறுத்திவிடுவார்கள். நடிகர் இடப்பக்கம் அண்ணனாக நடிப்பார். பிறகு உடையும் மேக்கப்பும் மாற்றிக்கொண்டு வந்து வலப்பக்கம் தம்பியாக நடிப்பார். எடிட்டிங்கில் இரண்டையும் நடுவில் ஒரு கோட்டில் ஒட்டுவார்கள். ஆளே இல்லாத வெறும் ஃபிரேமையும் அரை நிமிடம் எடுத்துவைப்பார்கள். ஒட்டும் இடத்தில் ஓட்டை விழுந்தால் அடைக்க அது உதவும்.

சிக்கல் அந்த உடை மாற்றும் நேரத்தில் இருக்கிறது. மீசையை எடுத்து, விக் மாற்றி வர 40 நிமிடம் ஆகும். செட்டில் 40 நிமிடத்தில் எதுவும் மாறாது. கொடைக்கானலில் அதற்குள் வெயில் போய் மேகம் வந்து, மேகம் போய் மறுபடி வெயில் வந்திருக்கும். அண்ணன் பக்கம் மலை தெரியும், தம்பி பக்கம் மலையைக் காணோம்! ஒட்டுக் கோடு கத்தி வைத்து அறுத்த மாதிரி தெரியும். நிழலும் நகர்ந்திருக்கும். காற்றில் ஸ்டாண்டு இம்மியளவு அசைந்திருந்தால் சுவர் விளிம்பு ஓரிடத்தில் உடைந்து தெரியும்.

இதற்கு மலையில் செய்யும் வழிகள் சில. அந்த ஒட்டுக் கோட்டை வெட்டவெளியில் விடாமல் கதவு நிலை, தூண், கல்சுவர் மூலை போன்ற அசையாத பொருளின் மேல் விழவைக்க வேண்டும். தைல மரத்தைத் தேர்ந்தெடுக்கவே கூடாது. அடிமரம் நேராக இருக்கிறதே என்று ஏமாந்தால் மேலே இலை முழுக்க ஆடிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து வராந்தாவுக்கோ ஜன்னலோரத்துக்கோ காட்சியை மாற்றினால் பாதிக் கவலை தீரும். மேக்கப் அதிகம் தேவைப்படும் வேடத்தை முதலில் முடித்து, கண்ணாடியும் சட்டையும் மட்டும் மாறும் வேடத்தை இரண்டாவதாக வைத்துக்கொண்டால் இடைவெளி 10 நிமிடமாகக் குறையும். கதை எழுதும்போதே இதை யோசிக்கிற இயக்குநர்கள் இருக்கிறார்கள், பாராட்ட வேண்டும்.

காமெடிக்கு இன்னொரு நுணுக்கம் உண்டு. அண்ணனாக நடிக்கும்போது எதிரே தம்பி இல்லை. அந்த இடத்தில் உயரம் ஒத்த ஒருவர் நின்று தம்பி வசனத்தைப் பேசி ஒத்திகை பார்ப்பார். டேக் ஓடும்போது ஃபிரேமுக்கு வெளியிலிருந்து பேசுவார். கண் பார்க்கும் இடத்துக்கு ஒரு கம்பு நட்டு உச்சியில் பந்து கட்டியிருக்கும். தேர்ந்தெடுத்த டேக்கின் ஒலியை, அடுத்து தம்பியாக நடிக்கும்போது காதில் சின்ன இயர்போனில் ஓடவிடுவார்கள். முதல் டேக்கில் அண்ணன் விட்ட இடைவெளி அரை நொடி குறைவாக இருந்தால், தம்பி எவ்வளவு நன்றாக நடித்தாலும் அந்த ஜோக் விழாது. எனவே முதல் டேக்கில் வேண்டுமென்றே இடைவெளியைத் தாராளமாக விட்டு எடுத்துக்கொள்வார்கள். எடிட்டிங்கில் கூட்ட முடியாது, குறைக்க முடியும்.

தோளில் கை போடும் ஷாட்டில் அந்தக் கை டூப்புடையது. கைக்கடிகாரத்தைக் கவனியுங்கள், மாட்டிக்கொள்வார்கள்.

மேட்டுப்பாளையம் வாசகர்: மலை ரயிலைத் துரத்தி ஓடும் காமெடி எடுப்பது எப்படி? நிஜத்தில் அந்த ரயில் அவ்வளவு வேகமாகப் போகாதே!

சரியாகப் பிடித்தீர்கள். கல்லாறுக்கு மேல் பல்சக்கரப் பாதையில் ஏறும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர்தான். நொடிக்கு 2.8 மீட்டர். சாதாரணமாக ஓடுகிறவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். 60 மீட்டர் நடைமேடை இருந்தால் ரயில் அதைக் கடக்க 21 நொடி ஆகும்; அவ்வளவு நேரம் 'பிடிக்க முடியாமல்' ஓடுவது போல நடிப்பதுதான் கஷ்டம்.

ஒரு வழி, கேமராவை நொடிக்கு 24 ஃபிரேமுக்கு, அதாவது 24 தனிப்படத்துக்கு, பதில் 20 ஃபிரேமில் ஓட்டுவது. திரையில் 24-ல் ஓடும்போது எல்லாமே ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடித் தெரியும். 22-ல் எடுத்தால் ஒன்பது சதவீதம்தான் கூடும், கண்ணுக்குத் தந்திரம் தெரியாது, ஆனால் ஓட்டத்தில் ஒரு துடிப்பு வந்துவிடும். 18-க்குக் கீழே போனால் பழைய ஊமைப்படச் சாயல் வரும். அது வேண்டுமென்றே செய்தால் சரி. காட்டிக் கொடுப்பது நடிகரின் கால் அல்ல, எஞ்சின் புகை. அது ஜிவ்வென்று மேலே போகும். பின்னால் நடந்து போகும் பயணியும் பொம்மை போல நடப்பார். ஆகவே ஃபிரேமில் புகையும் கூட்டமும் வராத கோணம் பார்க்க வேண்டும். இந்த ஷாட்டுகளில் வசனம் வைக்க முடியாது, வாயசைவும் வேகமாகிவிடும்.

ஸ்டேஷன் அறைக்குள் குழல் விளக்கு எரிந்தால் இன்னொரு கணக்கு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று. ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சத்தை உள்ளே விடும் நேரத்தை, நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கு வைக்காவிட்டால் வெளிச்சம் துடிக்கலாம். ஷட்டர் திறந்திருக்கும் கோணத்தில் சொன்னால் 24 ஃபிரேமுக்கு 172.8 டிகிரி, 22-க்கு 158.4, 20-க்கு 144. ஃபிரேமை மாற்றிவிட்டு ஷட்டரை மாற்ற மறப்பது எப்போதும் நடக்கிறது. அங்கே சின்ன மானிட்டரில் தெரியாது, பெரிய திரையில் பார்க்கும்போது தலையில் கை வைப்பார்கள்.

இன்னொன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது நீராவி எஞ்சின் முன்னால் இருக்காது, பின்னாலிருந்து தள்ளும். ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்க ஆள் இருப்பார். எஞ்சின் முன்னே வர, எதிரே நகைச்சுவை நடிகர் ஓடிவர வேண்டும் என்று எழுதிவிட்டு வந்தால், இறங்கும் ரயிலுக்குத்தான் காத்திருக்க வேண்டும். அனுமதி தெற்கு ரயில்வேயிடம். இந்தப் பாதை சேலம் கோட்டத்தில் வருகிறது. 1908-ல் உதகை வரை முழுமையான, 2005 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமான பாதை. தண்டவாளத்தில் ஆளை ஓடவிட மாட்டார்கள், ஓடவிடச் சொல்லிக் கேட்பதும் முறையல்ல. ஓட்டமெல்லாம் நடைமேடையோடு சரி.

கூடலூர் வாசகர்: ஊட்டிக் குளிரில் எடுத்துவிட்டு, கதையில் சென்னை வெயில் என்கிறார்கள். வாயிலிருந்து ஆவி வருமே?

'ஆக்‌ஷன்' சொல்லுமுன் நடிகர் வாயில் ஐஸ் துண்டு போட்டுச் சப்பித் துப்பிவிடுவார். வாய்க்குள்ளே குளிர்ந்துவிட்டால் வெளியே வரும் மூச்சு சட்டென ஆவியாகத் தெரியாது. ஒன்று, இரண்டு வரி வசனம் வரை தாங்கும். அதற்குமேல் மறுபடி ஐஸ். நீளமான வசனத்தை இதனாலேயே உடைத்து எடுக்க வேண்டியிருக்கும். பின்னாலிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் ஆவி பளிச்சென்று தெரியும். முன்னாலிருந்து அடித்து, பின்னணியை வெளிறிய சுவராக வைத்தால் மறையும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியின் தலைக்குந்தா, காந்தல் பக்கம் உறைபனி விழும் காலை நேரத்தில் எந்தத் தந்திரமும் பலிக்காது. பத்து மணிக்கு மேல் ஆரம்பியுங்கள்.

குன்னூர் வாசகி: தேயிலைத் தோட்டத்தில் உருண்டு விழும் காட்சிகளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அந்தச் செடிகளுக்குள் நாங்கள் நடந்தாலே கால் கிழியும். எப்படி உருள்கிறார்கள்?

செடிக்குள் யாரும் உருள்வதில்லை. கவாத்து வெட்டிய தேயிலைக் கிளை ஈட்டி மாதிரி. அதைக் கண்ணால் பார்த்த ஃபைட் மாஸ்டர் யாரும் ஆளை இறக்க மாட்டார்.

நான்கு ஷாட்டாகப் பிரிப்பார்கள். முதலில் கால் வழுக்குவது: நடிகரே செய்வார், ஃபிரேமுக்குக் கீழே மெத்தை கிடக்கும். இரண்டாவது உருளல்: டூப் உருள்வார், அதுவும் பக்கத்தில் உள்ள புல்சரிவில், கல் பொறுக்கிய இடத்தில். முன்னால் இரண்டு மூன்று தேயிலைச் செடியை லென்ஸுக்கு ஒட்டினாற்போல வைத்து, தூரத்தைக் கிட்ட இழுத்துக் காட்டும் நீள லென்ஸில் எடுத்தால் செடிகளுக்கு நடுவே உருள்வது போலவே தெரியும். மூன்றாவது, உருள்பவரின் பார்வையில் வானமும் மண்ணும் சுழல்வது. நான்காவது, கீழே வந்து உட்கார்ந்த முகம், தலைமுடியில் ஒரு இலை. சிரிப்பு இந்த நான்காவதில்தான் வரும். உருளும்போது பார்ப்பவர்கள் மூச்சைப் பிடித்திருப்பார்கள், முகத்தைப் பார்த்து ஆள் பிழைத்தான் என்று தெரிந்த பிறகுதான் விடுவார்கள். அந்த முகத்தில் நிஜ வலி தெரிந்தால் அவ்வளவுதான், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

சரிவு செங்குத்தாகத் தெரிய கேமராவை எட்டு, பத்து டிகிரி சாய்ப்பார்கள். தோட்டத்தில் நிழலுக்கு நட்டிருக்கும் சில்வர் ஓக் மரங்கள்தான் அங்கே எதிரி. நூல் பிடித்தாற்போல நிமிர்ந்து நிற்கும் மரம் ஃபிரேமில் சாய்ந்தால் தந்திரம் வெளிப்பட்டுவிடும். மரமே இல்லாத மூலையைத் தேடித்தான் லொகேஷன் பார்க்கிறவர்கள் நாள்கணக்கில் சுற்றுகிறார்கள்.

மேட்டிலிருந்து குதிக்கும் ஷாட்டுக்குக் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி, சுற்றிலும் கயிறு கட்டி, மேலே மெத்தையும் தார்ப்பாயும் போடுவார்கள். விழும்போது பெட்டி நசுங்கி வேகத்தைத் தின்றுவிடும். காற்று வெளியேற வேண்டுமென்பதால் பெட்டியின் மூடியை டேப் போட்டு ஒட்டக் கூடாது. மலையில் இது தவறுவது ஈரத்தால். முதல் நாள் மாலையே அடுக்கிவைத்தால் இரவுப் பனியில் அட்டை ஊறி, காலையில் பார்க்கப் பெட்டியாகவும் உள்ளே கூழாகவும் இருக்கும். விழுகிற ஆள் நேராகத் தரையில் மோதுவார். கீழே மரச்சட்டம் போட்டு, தார்ப்பாய் விரித்து, அன்று காலையில் அடுக்கி, மாஸ்டர் ஒவ்வொரு பெட்டியையும் கையால் அழுத்திப் பார்த்த பிறகுதான் டேக்.

கோத்தகிரி வாசகர்: எங்கள் பக்கம் கரடி நடமாட்டம் அதிகம். படத்தில் வரும் கரடி நிஜமா?

நிஜக் கரடியை நடிக்கவைக்கச் சட்டம் இடம் கொடுக்காது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வேடிக்கை காட்டப் பழக்குவதை 1998-ல் மத்திய அரசு தடை செய்தது. 2011-ல் காளையும் சேர்ந்தது. நாய், குதிரை போன்றவற்றை நடிக்கவைக்கலாம். அதற்கும் விலங்குகள் நல வாரியத்தின் முன்அனுமதி வாங்கி, படம் முடிந்ததும் அதன் தடையில்லாச் சான்று பெற்றால்தான் தணிக்கைக்குப் போக முடியும்.

எனவே திரையில் வருவது கம்ப்யூட்டர் கரடி, அல்லது கரடித் தோல் மாட்டிய ஆள். காமெடிக்கு இரண்டாவதே பொருத்தம், ஆள் உள்ளே இருப்பது தெரிவதே பாதிச் சிரிப்பு. அந்த உடைக்குள் பார்வை ஒரு முழம்கூடத் தெளியாது, கால் எங்கே படுகிறது என்றே தெரியாது. சரிவில் கைகொடுக்க ஒருவர் ஃபிரேமுக்கு வெளியே எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை தலையைக் கழற்றி மூச்சுவிட வேண்டும். குளிர் ஊராயிற்றே என்று இதைத் தள்ளிப்போடக் கூடாது. உள்ளே வியர்த்து ஊறி, கழற்றியதும் குளிர்காற்று பட்டால் ஆள் நடுங்கிப் போவார். காலைப் பனியில் ரோமம் நனைந்தால் உடை கனத்துவிடும், மறுநாளைக்குள் காய்வதும் சந்தேகம். இரண்டு உடை கொண்டுவருவதே வழி.

உங்கள் பக்கத்தில் இன்னொரு எச்சரிக்கை அவசியம். சாயங்காலம் நிஜமானது வரும் நேரம். நான்கு மணிக்குள் மூட்டை கட்டிவிட வேண்டும். யூனிட் சாப்பிட்ட மிச்சம், தேன், பலாப்பழம் எதையும் தோட்டத்தில் விட்டுப் போகக் கூடாது. யூனிட் போய்விடும், மறுநாள் இலை பறிக்க வருகிறவர்கள்தான் அங்கே நிற்பார்கள்.

கொடைக்கானல் வாசகி: ஏரியில் படகு கவிழும் காமெடி நம் ஏரியில் எடுத்ததா?

படகு போவது வேண்டுமானால் ஏரியில் இருக்கலாம். கவிழ்வது பெரும்பாலும் கீழே சமவெளியில், இடுப்பளவுத் தொட்டியில். தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக இழுக்கும். கொடைக்கானல் குளிரில் ஸ்வெட்டரோடு விழுந்து, ரீடேக் என்று மறுபடி விழுந்தால் நடிகருக்கு நாக்குக் குழறும், வசனமும் போய்விடும். தொட்டியின் அடியில் கறுப்புத் தார்ப்பாய் விரித்தால் தண்ணீர் ஏரி மாதிரி கருத்துத் தெரியும். நீலச் சலவைக்கல் தெரிந்தால் கதை கந்தல்.

உதகை வாசகி: டீக்கடைக் காட்சியில் வர்க்கி சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறார்கள். நிஜமாகவே சாப்பிடுகிறார்களா?

கடிப்பது நிஜம், விழுங்குவது குறைவு. 'கட்' சொன்னதும் துப்ப ஒரு வாளி காலடியில் இருக்கும். இட்லியாவது பரவாயில்லை. வர்க்கி மொறுமொறுப்பான பேக்கரிப் பண்டம்; அடுக்கடுக்காக உதிரும், வாயை உலர்த்தும், வசனத்தின் நடுவே புரையேறும். நகக்கண் அளவு கடிக்கச் சொல்லிக் கொடுப்பார்கள்.

இதில் மண்டையை உடைக்கும் விஷயம் துகள். கம்பளி ஸ்வெட்டரில் விழுந்த வர்க்கித் துகள் ஒட்டிக்கொண்டு போகாது. மூன்றாவது டேக்கில் மார்பில் ஏழெட்டுத் துகள், குளோஸ்-அப்பில் ஒன்றுமில்லை என்றால் படம் பார்ப்பவர் கண் அங்கேதான் போகும். அசிஸ்டன்ட் டைரக்டர் ஒவ்வொரு டேக் முடிவிலும் முன், இடம், வலம் என மூன்று படம் எடுப்பார். அடுத்த டேக்குக்கு முன் பிரஷால் முழுக்கத் துடைத்துவிட்டுத் தொடக்கத்திலிருந்து போவார்கள். எந்தச் சொல்லில் கடிக்கிறாரோ அதே சொல்லில்தான் ஒவ்வொரு டேக்கிலும் கடிக்க வேண்டும். டீ கிளாஸின் பின்புறம் சின்ன டேப் ஒட்டி அளவு குறித்திருப்பார்கள்; மலைக் குளிரில் ஆவி சீக்கிரம் அடங்குவதால் டேக்குக்கு டேக் கெட்டிலிலிருந்து புதிதாக ஊற்றுவார்கள். ஒரே கடையில், ஒரே சூளையில் வெந்த வர்க்கியாக 40, 50 வாங்கிவைப்பது நல்லது. இரண்டாம் சூளையின் நிறம் வேறு.

சாப்பிட முடியாததைச் சாப்பிடும் காட்சிக்கு வேறு வழி. 1925-ல் சாப்ளின் 'தி கோல்ட் ரஷ்' படத்தில் ஷூவைத் தின்னும் காட்சியில் வருவது அதிமதுர மிட்டாயில் செய்த ஷூ.

குன்னூர் வாசகர்: பெரிய யூனிட் வண்டிகள் மலைக்கு வருவதில் என்ன நடைமுறை?

2024 மே 7 முதல், உயர்நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 ஏப்ரல் முதல் சீசன் மாதங்களுக்கு எண்ணிக்கை வரம்பும் வந்தது: நீலகிரிக்கு வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. பத்துப் பன்னிரண்டு வண்டி உள்ள யூனிட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஜெனரேட்டர் வண்டிக்கு மறந்துவிட்டு நடிகர் கேரவனுக்கு மட்டும் எடுத்தால் அன்றைய படப்பிடிப்பு அடிவாரத்தோடு சரி.

ஜெனரேட்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டர்போ இல்லாத டீசல் எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும். கீழே 100 கேவிஏ (மின்திறன் அளவு) கொடுத்தது ஊட்டியில் 80-ஐத் தாண்டாது. அது தெரியாமல் முழு லைட்டும் மாட்டினால் எஞ்சின் திணறி, 50 ஹெர்ட்ஸ் 48-க்கு இறங்கும். மேலே சொன்ன ஷட்டர் கணக்கெல்லாம் அப்போது குலைந்து போகும்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இங்கே கூடாது, கேனும் டம்ளரும் கொண்டுவர வேண்டும். வெளிச்சத்தைத் திருப்பப் பிடிக்கும் தெர்மாகோல் பலகைக்குப் பதிலாக வெள்ளைத் துணி கட்டிய சட்டம் போதும். தெர்மாகோல் காற்றில் உதிர்ந்து ஓடையில் போய்ச் சேருகிறது, பொறுக்கி மாளாது.

மேட்டுப்பாளையம் வாசகி: தியேட்டரில் சிரிப்புச் சத்தத்தில் அடுத்த வசனம் கேட்பதில்லை. இதை யோசிக்க மாட்டார்களா?

யோசிப்பவர்கள் உண்டு. மார்க்ஸ் சகோதரர்கள் 1935-ல் 'எ நைட் அட் தி ஓப்ரா' எடுப்பதற்கு முன் அதன் காட்சிகளை மேடையில் நடித்துக் காட்டி, எங்கே எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று கணக்கெடுத்துக்கொண்டார்கள். இப்போது எடிட்டர் அந்த வேலையைச் செய்கிறார். பெரிய ஜோக்குக்குப் பிறகு ஒன்றரை, இரண்டு நொடி, அதாவது 36 முதல் 48 ஃபிரேம் வரை இடம் விடுவார். வெறுமனே விட்டால் வீட்டில் போனில் பார்ப்பவருக்குப் படம் நின்றுவிட்ட மாதிரி இருக்கும். அதனால் அந்த இடத்தில் எதிராளியின் முகத்தையோ, ஒரு சின்னச் செய்கையையோ வைப்பார். தியேட்டரில் சிரிப்பு அதை மூடும், வீட்டில் அதுவே இரண்டாவது சிரிப்பாகும். இப்படி வைக்க முகபாவ ஷாட்டுகள் கையில் இருக்க வேண்டும். வெளிச்சம் போகிறது என்று அவற்றை எடுக்காமல் மலையிறங்கிவிட்டால், பிறகு எந்த எடிட்டராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொரு கைவேலை டப்பிங்கில் நடக்கிறது. நடிகர் முதுகைக் காட்டும்போதும், லாங் ஷாட்டில் நடந்து போகும்போதும், வாய் தெரியாத எந்த நொடியிலும் புது வசனம் சேர்க்கலாம். தமிழ்ப் படங்களில் நீங்கள் விழுந்து விழுந்து சிரித்த சில வரிகள் அப்படி ஸ்டுடியோவில் பிறந்தவைதான். மலையில் எடுத்த காட்சிகளில் இதற்கு வசதி கூடுதல்: கழுத்தில் மஃப்ளர் இருக்கிறது. அதை மூக்குவரை இழுத்து விட்டுக்கொண்டு நடிகர் நின்றால், ஸ்பாட்டில் என்ன பேசினார் என்பது யாருக்கும் தெரியாது. அடுத்த முறை பார்க்கும்போது மஃப்ளர் எந்த வரியில் மேலே ஏறுகிறது என்று கவனியுங்கள்.